ஆஸ்பென் வளைவு பட்டியலில் இல்லை

வெல்டன் கிராசிங் நகராட்சி, வணக்கம்.
காலை எட்டு முதல் இதுதான் என் வாய்.
இரவு அழைப்புகள் வீட்டுக்கு வரும்,
கட்டில் பக்கம், கண்ணாடி தேடுமுன்.
இந்த ஊரை எனக்குக் காது வழியாகத்தான் தெரியும்.

போன அக்டோபரில் தலை எண்ணினார்கள்.
ஐயாயிரத்துப் பதினொன்று.
ஐயாயிரம் தாண்டினால் நகரம், மாகாணச் சட்டம்.
மேயர் கேக் வெட்டினார்.
ஊர்ப்பலகையில் 'டவுன்' மேல்
'சிட்டி' என்றொரு தகட்டை ஆணியடித்தார்கள்.
காற்றடித்தால் தகடு தூக்கிக்கொள்ளும்,
பழைய சொல் எட்டிப் பார்க்கும்.

எல்லோருக்கும் சேர்த்து ஒரு பேருந்து.
கோழி ஆலை, ஐஸ் அரங்கம், மறுபடி கோழி ஆலை.
தவறவிட்டால் நாற்பது நிமிடம்;
மைனஸ் முப்பதில் நாற்பது நிமிடம்
வேறு கணக்கு.

நூலகம் செவ்வாய், வியாழன், சனி அரைநாள்.
டிக்ரின்யாவில் புத்தகம் உண்டா என்று
வாரம் தவறாமல் கேட்பார் ட்செகாய்.
ஒன்று வந்திருக்கிறது, சமையல் புத்தகம்.
இரவல் அட்டையில் ஒன்பது முறை
அவர் பெயரேதான்.

உணவு வங்கி கர்லிங் கூடத்தின் பின்வாசலில்.
அங்கே விளக்கு எரியவில்லை, மாற்றுங்கள் என்று ஒரு புகார்.
மாற்றாதீர்கள் என்று மூன்று பேர் கூப்பிட்டார்கள்,
பெயர் சொல்லாமல்.
எல்லாவற்றையும் பதிந்தேன்.
விளக்கு இன்னும் எரியவில்லை.

மகப்பேறு பிரிவா?
மூடிப் பதினோரு வருடம்.
பிரசவத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர்.
ஆக, நாங்கள் வளர்கிறோம், பிறப்பதில்லை.
எங்கள் பிள்ளைகளின் சான்றிதழிலெல்லாம்
வேறோர் ஊரின் பெயர்.

ஜனவரி பத்தொன்பது, விடியாத ஐந்தே கால்.
டெல்ஃபின் மக்பந்தாய், பதினேழு, ஆஸ்பென் வளைவு.
"மன்னிக்க வேண்டும் மேடம், உழவண்டி வரவில்லை.
ஆம்புலன்ஸ் தெருமுனையில் நிற்கிறது."
வெளியே இடுப்பளவு பனி.
உள்ளே லுவால்ஹாதிக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது.

பட்டியலைத் திறந்தேன்.
ஆஸ்பென் தெரு இருந்தது. ஆஸ்பென் வளைவு இல்லை.
பதினெட்டு வீடு கட்டி, குடிவைத்து,
இரண்டு தவணை வரியும் வாங்கிவிட்டு
தெருவை எழுத மறந்திருக்கிறோம்.

ஓரெஸ்ட் ஹ்நாத்யூக்கை எழுப்பினேன்.
"அப்படியொரு தெருவே கிடையாது."
இருக்கிறது, அதில் ஒருத்திக்கு வலி எடுத்திருக்கிறது என்றேன்.
ஒரு கெட்ட வார்த்தை.
பிறகு எஞ்சின்.

அவர் முன்னால் வெட்டிக்கொண்டே போக
பின்னால் ஆம்புலன்ஸ்.
அதில் இர்மா வீபே, பகலில் பள்ளிச் சமையலறை,
இரவில் சம்பளமில்லாத தொண்டர்;
படித்த பயிற்சியில் பிரசவம்
கடைசி அத்தியாயம், அன்று அவளுக்குக் காய்ச்சலாம்.

நெடுஞ்சாலையை மூடியிருந்தார்கள்.
ஊர்ப்பலகைக்கு இந்தப் பக்கம், தடுப்புக்கு முன்னால்,
ஆறு மணி எட்டு நிமிடத்துக்கு
அது அழுதது.
ஓரெஸ்ட் உழவண்டியைக் குறுக்கே நிறுத்திக்
காற்றை மறைத்தார்.
வேறொன்றும் செய்யவில்லை என்கிறார்,
கேட்டால் கோபப்படுகிறார்.

பிறந்த இடம் என்ற கட்டத்தில்
என்ன எழுத என்று இர்மா கேட்டாள்.
பதினோரு வருடமாக யாரும் கேட்காத கேள்வி.
எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.
சிட்டி சேர்க்கவா?
தகடு அந்த இரவே பறந்துபோயிருந்தது,
எனக்குத் தெரியாது.
சேர் என்றேன்.

வியாழக்கிழமை மறுபடி டெல்ஃபின்.
மன்னிக்க வேண்டும் மேடம்,
ஆஸ்பென் வளைவுக்குக் குப்பை வண்டி வரவில்லை.
அவன் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல்,
அதற்கு இன்னும் பெரிய புகார்.
எண் கொடுத்தேன்,
காத்திருக்கச் சொன்னேன்.